ஒயின் படித்து வேலை மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34, ஐடி வேலை, இப்போது வீட்டிலிருந்தே. ஒயின் மீது பைத்தியம். குடிப்பதைவிட முகர்ந்து பார்ப்பதில்தான். (அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்!)

டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பில் இரண்டாம் நிலை முடித்துவிட்டேன். மூன்றாம் நிலையில் எழுத்துத் தேர்வோடு, பெயர் தெரியாத இரண்டு ஒயின்களைச் சுவைத்து விவரிக்கவும் வேண்டும். சோவிஞோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் கூஸ்பெர்ரி வாசமாம். அது நம்ம ஊர் நெல்லிக்காய் இல்லை, நான் பார்த்ததே இல்லை. ரீஸ்லிங் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் பழசானால் வரும் பெட்ரோல் வாசம் மட்டும் சட்டென்று பிடிபட்டது.

சொந்தக் கடை இங்கே நடக்காது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம். திராட்சைக்கும் கம்பம் போகணும், டெல்டாவில் நெல்லும் வாழையும்தான். அப்புறம் மிச்சம் ஓட்டல் சொமெலியே (ஒயின் பரிந்துரைத்துப் பரிமாறுபவர்), நாசிக் ஒயின் ஆலை, பயிற்சி வகுப்பு. இந்த வயதில் எதில் நுழைய முடியும்? ஆரம்பச் சம்பளம் எவ்வளவு இருக்கும்? தேர்வுக்கு எங்கே சுவைத்துப் பழகினீர்கள்?