மறு: 'ஆக்கவழி ஆய்வு' சரியாக வருமா?

நண்பர்களே,

படம் வரைவது போன்ற ஆக்கச் செயலையே ஆய்வு முறையாகக் கொள்ளும் ஆய்வுக்கு (practice-based research) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் கேட்டது:

> 'செயல்முறை சார்ந்த ஆய்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் 'சார்ந்த' என்பது எதையும் எதோடும் ஒட்டிவிடும் பசை. ஓவியம் இங்கே ஆய்வுப் பொருளா, ஆய்வு முறையா என்பதை அது சொல்லாது. 1993இல் பிரிட்டன் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் பிரித்துக் காட்டியது இதைத்தான்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியே நடக்கும் ஆய்வு. நாம் பெயர் தேடுவது மூன்றாவதற்கு.

நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரையக் கற்பிக்கும் படிப்புகளில் கோட்பாடு பெரும்பாலும் தனி வகுப்பாகத்தான் இருந்தது. வரைவது ஓர் அறையில், கலை வரலாறும் குறியியலும் (குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறை) இன்னோர் அறையில். அந்தக் கோட்பாடும் இரவல். 1964இல் பிரெஞ்சுக் குறியியலாளர் ரோலான் பார்த் ஒரு பாஸ்தா விளம்பரத்தை அலசியபோது, படத்தின் பொருளை வாசகம் எப்படிக் கட்டிப்போடுகிறது என்று அழகாகக் காட்டினார். ஆனால் அது படத்தைப் பார்ப்பவரின் கோட்பாடு. வரைபவர் அதில் எங்கே?

தாவரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் மொட்டு, விரிந்த பூ, காய், வெட்டிய விதை. அப்படியொரு தருணம் செடியில் வாய்ப்பது அரிது. பூச்சி அரித்த இலையை விட்டுவிடுவதா, எந்த நரம்பை அழுத்திக் காட்டுவது, எது அந்த இனத்தின் பொது இயல்பு, எது இந்த ஒரு செடியின் கோணல் என்றெல்லாம் வரைபவர் கோடு போடும்போதே முடிவெடுக்கிறார். அந்த முடிவுகளை வெளிப்படையாக எடுத்துவைத்து விவாதித்தால் அதுவே கோட்பாடு. முனைவர் பட்டத்துக்கு ஓவியத் தொகுப்பையும் எழுத்தையும் சேர்த்தே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இன்று உண்டு.

'செயல்வழி' வேண்டாம், செயல்வழிக் கற்றலும் செயலாய்வும் கல்வியியலில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. 'வரைவழி' சுருக்கம்தான், ஆனால் வரை என்றால் மலையும் ஆயிற்றே, மலைப்பாதை என்று படிக்க ஆள் இருக்கிறார்கள்! தவிர, ஒட்டுப்படம் (கொலாஜ்) செய்பவரை அது விட்டுவிடும். 'ஆக்கவழி ஆய்வு' எல்லோரையும் உள்ளே சேர்க்கிறது.

அப்புறம், முனைவர் பட்டத்துக்கான ஓவியத் தொகுப்போடு வரும் அந்த எழுத்துக்கு 'உரை' போதும் என்பேன். இதுவரை நூல்தான் மூலம், படம் அதற்கு உரை. இங்கே படம் மூலமாகிறது. 'விளக்கக் கட்டுரை' என்று யாராவது முன்மொழிந்தால் எதிர்ப்பேன். படம் மட்டும் போதாது என்ற தொனி அதில் இருக்கிறது.