ரத்தம் நிற்கவில்லை, டூர்னிக்கே போட்டேன். தப்பா?

நெடுஞ்சாலை_108:
உளுந்தூர்பேட்டை பக்கம் 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளராக) இருக்கிறேன். போன வாரம் பைக்கும் லாரியும் மோதியதில் ஒரு பையனுக்கு முழங்காலுக்குக் கீழே நசுங்கி, ரத்தம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பேட் வைத்து அழுத்தினேன், நனைந்துகொண்டே போனது. டூர்னிக்கே (காயத்துக்கு மேலே கட்டி, கம்பியால் முறுக்கி இறுக்கும் பட்டை) போட்டு முறுக்கியதும் நின்றது. கேஷுவால்டியில் இறக்கினால் அங்கிருந்த மூத்த சிஸ்டர், "யார் கட்டச் சொன்னது? இனி காலையே எடுக்க வேண்டியதுதான்" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பையன் என்ன ஆனான் என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை. ராணுவ மருத்துவத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வு_ஹவில்தார்_வேலூர்:
தப்பே இல்லை தம்பி. நான் ஏ.எம்.சி.யில் (ராணுவ மருத்துவப் படையில்) 19 வருஷம் நர்சிங் அசிஸ்டென்ட். அந்த சிஸ்டர் சொன்னதைத்தான் எனக்கும் ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்: டூர்னிக்கே கடைசி வழி, கட்டினால் கால் போகும்.

காஷ்மீரில் குப்வாரா பக்கம் ரோந்தில் நாயக் பதவியில் இருந்த ஒரு வீரர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். எஃப்.எஃப்.டி. (போர்க்களத்தில் காயத்துக்கு வைக்கும் பஞ்சுக் கட்டு) ஒன்று வைத்து அழுத்தினேன். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. பஞ்சு ஊறி ஈரத் துணி மூட்டை மாதிரி கனத்தது. தண்ணீர் கேட்டார். பிறகு கொட்டாவி விட ஆரம்பித்தார், ஒன்றன்பின் ஒன்றாக. களைப்பு என்று நினைத்தேன். உடம்பில் ரத்தம் வற்றும்போது அப்படிக் கொட்டாவி வரும் என்று பின்னால்தான் எங்கள் படைப்பிரிவு டாக்டர், ஆர்.எம்.ஓ. சாப் சொன்னார். அப்புறம்தான் கட்டினேன். ரத்தம் நின்றது. ஹெலிகாப்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

நான் கட்டாமல் விட்டவன் இல்லை. தாமதமாகக் கட்டியவன். அந்த வித்தியாசத்தைத்தான் பிற்பாடு ஒரு ஆய்வில் எண்ணாகப் பார்த்தேன். சான் அன்டோனியோவில் அமெரிக்க ராணுவத்தின் அறுவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள எலும்பு அறுவை மருத்துவர் ஜான் கிராக், 2006-ல் பாக்தாத் ராணுவ மருத்துவமனைக்கு வந்த 232 பேரைப் பின்தொடர்ந்தார். 309 கை கால்களில் 428 டூர்னிக்கே. ஷாக் (ரத்த இழப்பால் உடம்புக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலை) வருமுன் கட்டியவர்களில் 100-க்கு 90 பேர் பிழைத்தார்கள். ஷாக் வந்த பிறகு கட்டியவர்களில் 10 பேர்தான். அடிபட்ட இடத்திலோ வழியிலோ கட்டப்பட்ட 194 பேரில் இறந்தது 22. மருத்துவமனைக்கு வந்த பிறகு கட்டிய 38 பேரில் 9. கட்ட வேண்டியிருந்தும் கட்டாமல் விட்ட 5 பேர், ஐந்து பேரும் இறந்தார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். காயத்தால் கால் எடுத்தவர்கள் உண்டு, ஆனால் டூர்னிக்கேயால் மட்டும் கால் போனவர் அதில் ஒருவர்கூட இல்லை. கட்டிய இடத்தில் நரம்பு மரத்தது நான்கு பேருக்கு, அதுவும் தற்காலிகமாக. 2009-ல் வெளியான ஆய்வு இது.

பழைய பயம் வெறும் கற்பனையும் இல்லை. அந்தக் காலப் போர்களில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வர மணிக்கணக்கில் ஆகும், கட்டுவதும் மெல்லிய கயிறு. கயிறு நரம்பை அறுக்கும். அரைகுறையாக இறுக்கினால் இன்னும் மோசம்: ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரை அடைபடும், இதயத்திலிருந்து கொண்டுவரும் தமனி அடைபடாது, ரத்தம் முன்னைவிட அதிகமாகப் போகும். அகலமான பட்டையும் முறுக்குக் கம்பியும் அதற்காகத்தான்.

முதுநிலை_அறுவை:
ஹவில்தார் ஐயா சொல்வதோடு ஒன்று. இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போய்விட்டால் பொதுவாகப் பயமில்லை. உங்கள் வழியில் அதற்குள் போய்விடலாம். எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்று எழுதினீர்களா?

நெடுஞ்சாலை_108:
இல்லை டாக்டர். வாயால்தான் சொன்னேன். அவர் திட்டிய சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

ஓய்வு_ஹவில்தார்_வேலூர்:
அதுதான் உன் குறை, வேறில்லை. மார்க்கர் பேனாவால் பட்டையிலேயே எழுது, துடைத்தாலும் போகாது. காயத்துக்கு மூன்று விரல் மேலே கட்டு, மூட்டு மேல் கட்டாதே. ரத்தம் நின்று, பாதத்தில் நாடி தெரியாமல் போகும்வரை முறுக்கு. வலியில் கத்துவான், "அவிழ்த்துவிடு" என்று கெஞ்சுவான். மனம் இளகி வழியில் தளர்த்திவிடாதே.

வயல்காட்டுப்_பெண்:
ஐயா, எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்களே, அதுவும் இதே முறைதானா?

ஓய்வு_ஹவில்தார்_வேலூர்:
இல்லைம்மா, கட்டவே கூடாது. நல்லது செய்யாது, அந்த உறுப்பே அழுகிப்போகலாம். கடித்த கை காலை ஆட்டாமல், ஒரு கட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, பாம்பு விஷ முறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டூர்னிக்கே பீய்ச்சி அடிக்கிற ரத்தத்துக்கு மட்டும்.

நெடுஞ்சாலை_108:
இன்று அந்த மருத்துவமனைக்கு இன்னொரு கேஸ் கொண்டுபோனபோது வார்டில் விசாரித்தேன். பையன் இருக்கிறான். காலுக்கு வெளியே கம்பி போட்டிருக்கிறார்கள், விரலை அசைக்கிறான். மார்க்கர் இரண்டு வாங்கி வண்டியில் வைத்துவிட்டேன் ஐயா.