வாமடையும் போர்வெல்லும்: டெல்டாவை விட்டு வந்தவர்களின் அனுபவங்கள்

பாபநாசம் வட்டம், இப்போது கோயம்புத்தூர்

நான் கோயம்புத்தூருக்குக் குடிவந்தது 2013-இல். அதற்கு முந்தைய ஆண்டு மேட்டூர் அணை, குறுகிய கால நெற்பயிரான குறுவைக்கு வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படவில்லை. 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதி வெறும் தேதியாகவே கடந்து போயிற்று. பஞ்சம் பிழைக்க வந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன், வேலை கிடைத்துத்தான் வந்தேன். ஆனால் குறுவை இல்லாத வீட்டில் மாதச் சம்பளம் ஒன்று அவசியமாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

தொண்டாமுத்தூர் சாலையில் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்திலிருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரர் அறுபது வயதைக் கடந்த விவசாயி. முதல் வாரத்திலேயே ஊரில் எவ்வளவு நிலம் என்று கேட்டார். "ஆறு மா" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஏனுங் தம்பி, மான்னா எத்தனை ஏக்கருங்?" என்றார். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் அடுத்துக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "தண்ணி எத்தனை அடியில கெடக்குது?"

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் வளரவில்லை. அங்கே கேள்வி "தண்ணி வந்துடுச்சா?" என்பதுதான். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாள்; கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, காவிரியில் வந்தது குடமுருட்டியாகவும் அரசலாறாகவும் கிளைத்து, பிறகு வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி எங்கள் வயலுக்கு வர மேலும் சில நாள். தண்ணீர் எங்கிருந்தோ வருவது, யாரோ அனுப்புவது. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் தன் காலுக்குக் கீழே இருப்பது. எண்ணூறு அடி தோண்டித் தன் காசில் தானே எடுப்பது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று உறைக்க எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின.

அவர்களுடைய வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். எங்கள் பக்கம் வீடுகள் எல்லாம் தெருவில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும்; வயல் ஊருக்கு வெளியே கிடக்கும். பழக்கம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இப்போது தண்ணீருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்று தோன்றுகிறது. தனக்கென்று கிணறு வைத்திருப்பவன் அதன் பக்கத்திலேயே குடியிருக்கலாம். வயலுக்கு வயல் பாய்ச்சல் உள்ள ஊரில் அப்படி ஒதுங்கிவிட முடியாது. மேல் வயல்காரனுடைய முகத்தில் தினமும் விழித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். எங்கள் மேல் வயல்காரருக்கும் என் தந்தைக்கும் ஒரு வரப்புத் தகராறில் மூன்று ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, கேதத்துக்கு மட்டும் போய் நின்றுவிட்டு வருவதோடு சரி. ஆனால் எங்களுக்குத் தண்ணீர் அவர் வயல் வழியாகத்தான் வர வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், தன் வயல் நிரம்பியதும், இரவு இரண்டு மணியானாலும், அவர் மண்வெட்டியால் வாமடையை, அதாவது வரப்பில் தண்ணீர் பாயும் மடைவாயை, வெட்டிவிட்டு எங்கள் திண்ணை வரை நடந்து வருவார். கதவைத் தட்ட மாட்டார், பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார். தெருவில் நின்று இரண்டு முறை இருமிவிட்டுப் போய்விடுவார். தந்தை உடனே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்த இருமல் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கோயம்புத்தூரில் எனக்குக் கிடைத்த அக்கம்பக்கத்தார் மிக நல்லவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் என் மீது கோபமாக இருக்கும்போதும் எனக்காக நடு இரவில் எழுந்து வர வேண்டிய கட்டாயம் அவர்களில் யாருக்கும் இல்லை.

ஊரை நினைத்து உருகுகிறவர்கள் மற்ற ஊரைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உழைப்பிலும் கணக்கிலும் இந்தப் பக்கத்து விவசாயி எங்களைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கத் தெரிந்த, தேங்காய் விலையை நோட்டில் எழுதி வைக்கிற ஒருவரைப் பார்த்த பிறகு, "ஆற்றில் தண்ணீர் வரட்டும், நாற்று விடலாம்" என்று திண்ணையில் காத்திருந்த எங்கள் பழக்கம் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. காபி ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் ஏங்குகிற டெல்டா, நான் கிளம்பும்போதே பாதி மாறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டூர் திறக்காத அந்த ஆண்டுகளில் எங்கள் பகுதியில் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க் கிணறு போட்டு மோட்டார் வைத்தவர்கள் குறுவை சாகுபடி செய்தார்கள்; வைக்காதவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். மேல் வயல்காரரும் மோட்டார் வைத்தார். பின்னர் நாங்களும் வைத்தோம். அதன் பிறகு இருமலுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது மயிலாடுதுறை ஜனசதாப்தியில் ஊருக்குப் போகிறேன். கரூரைத் தாண்டியதும் இடது பக்கச் சன்னலில் உட்கார்ந்துகொள்வேன். மாயனூர், குளித்தலை, பெட்டவாய்த்தலை என்று ரயில் ஆற்றை ஒட்டியே செல்லும். வாழைத் தோட்டங்களின் இடைவெளியில் மணலோ தண்ணீரோ தெரியும். இரண்டில் எது தெரிகிறது என்பதை வைத்து, வீட்டில் எந்த முகத்தோடு சாப்பாடு பரிமாறப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தலைஞாயிறு பக்கம், இப்போது சென்னை

பாபநாசத்து நண்பர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் "டெல்டா" என்று அவர் சொல்வது என்னுடைய டெல்டா இல்லை. அவருடைய ஊர் தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைப்பகுதி; எங்களுடையது கடைசியில் வந்து சேரும் கடைமடை. அவருக்குச் சில நாட்களில் வந்த தண்ணீர் அடப்பாற்றிலும் அரிச்சந்திரா நதியிலும் எங்களுக்கு எப்போது வரும் என்பதை யாரும் தேதி போட்டுச் சொன்னதில்லை. ஃபில்டர் பாயிண்ட் போடும் வசதியும் எங்களுக்கு இல்லை, ஏனென்றால் தோண்டினால் உப்பு. ஆற்றுத் தண்ணீர் வரும், வராது என்ற நிச்சயமின்மையில் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். மழை பெய்தால் முளைக்கும். கூடுதலாகப் பெய்தால் அழுகும். மேலே உள்ளவர்களுக்கு வேண்டாத வெள்ளம் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும், அதற்கு முறை கிடையாது.

இவ்வளவு குறை சொல்பவன் ஊரை நேசிக்கிறானா என்று கேட்கலாம். சென்னைக்கு வந்த பிறகுதான் நேசிக்கத் தொடங்கினேன் என்பதே உண்மை. முதல் வீடு கிடைத்த தெருவில் குழாய்த் தண்ணீர் நன்றாக வந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் விசாரித்தபோது, வீராணத்திலிருந்து என்றார்கள். அணைக்கரையில் கொள்ளிடத்து நீரைத் தேக்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு விட்டு, 2004-இல் தொடங்கிய திட்டத்தின்படி 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். என் அம்மா வாழ்நாள் முழுவதும் குடத்தோடு காத்திருந்த காவிரி, எனக்குச் சென்னையில் மூன்றாவது மாடியில் குழாயைத் திறந்ததும் வந்தது. அன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப அங்கனயே இருந்துக்க, நல்ல தண்ணி குடி" என்றார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. மறுநாள் கிளம்பி, பேருந்து போகும் வரை போய், பிறகு நடந்து, ஊரை அடைந்தேன். வீட்டுக்கு வழி தெரியவில்லை. கண் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவேன் என்று நினைத்திருந்த ஊர். தென்னையும் மாவும் சவுக்கும் எங்களுக்கு அடையாளக் கற்களாக இருந்தன என்பது அவை படுத்த பிறகே தெரிந்தது. வேதாரண்யம் பக்கத்து மணல்மேட்டுப் புலங்களில் முல்லைப்பூ பயிரிடுகிற என் சித்தப்பா, விழுந்த மரங்களை விட்டுவிட்டு, முல்லைக் கொடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். "தென்னை வைச்சா காய்க்க ஏழு வருஷம், இது ஆறு மாசத்துல பூக்கும்" என்றார். சென்னையில் முழம் போட்டு முல்லை விற்கிற அம்மாவிடம் எந்த ஊர்ப் பூ என்று கேட்கும் பழக்கம் எனக்கு அப்போதிருந்து வந்தது.

பாபநாசத்து நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் மேல் வயல்காரர் இருமினார், சரி. உங்கள் வயலுக்குக் கீழே யார் இருந்தார்கள்?

மயிலாடுதுறை; இப்போது பெங்களூரு

வயல் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. எங்களுடையது கடைத்தெருக் குடும்பம். ஆற்றோடு எனக்கிருந்த தொடர்பெல்லாம் ஐப்பசி மாதம்தான். மாதம் முழுவதும் விடியற்காலையில் பாட்டி எங்களை எழுப்பிக் காவிரிப் படித்துறையான துலாக் கட்டத்துக்கு முழுக இழுத்துப் போவார். கடைசி நாள் கடைமுகம். கார்த்திகை முதல் நாள், தாமதமாக வந்து சேர்ந்தவனுக்கும் பலன் உண்டு என்ற கதையோடு முடவன் முழுக்கு. சில ஆண்டுகளில் ஆற்றில் தண்ணீரே இருக்காது. போர் போட்டுத் தொட்டியில் விடுவார்கள்; பாட்டி அதிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகுவார்.

2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி இந்த நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்ட நாளில், என் கணவரை அலுவலகத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக் குடகுப் பெண்மணி கதவைத் தட்டி, பாலும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, இரவு வரை எங்களோடு இருந்தார். காவிரியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அடுத்த மாதம் அவர் ஒரு சிறிய பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். குடகில் காவிரி பிறக்கும் தலைக்காவிரியில் துலா சங்கிராந்தி அன்று ஊற்று பொங்குவதைப் பார்த்துவிட்டு எடுத்து வந்த தீர்த்தம் என்றார். எங்களுக்கும் அன்றுதான் ஐப்பசியின் துலா நீராடல் தொடங்குகிறது, நாங்கள் ஆற்றின் மறுமுனையில் முழுகுவோம் என்று சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் அவர்களுடைய நாள் அதுதான் என்று அதுவரை தெரியாது. மயிலாடுதுறையில் இருந்திருந்தால் கடைசி வரை தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் பாட்டி திட்டியதெல்லாம் இவர்களைத்தான்.

பாபநாசம் வட்டம், மீண்டும்

தலைஞாயிற்று நண்பரின் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தந்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். எங்கள் வயலுக்கு அடுத்துக் கீழே இரண்டு பேருடைய நிலம், அதற்கப்பால் வடிகால் என்றார். அந்த இருவருக்கும் நீங்கள் போய்ச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, "சொல்லாம? அவங்க வூட்டு வாசல்ல நானும் இருமியிருக்கேன்" என்றார்.

வாய்க்கால் வழியே இன்னும் கீழே, அடுத்த ஊர், அதற்கும் அடுத்த ஊர் என்று கேட்டேன். வெகு நேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, முறை மாறும் நாளில் ஷட்டரை இறக்க வந்த லஸ்கரிடம் (பாசனத் துறையின் வாய்க்கால் காவலர்) எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் போய்ப் பேசி, விடிகிற வரை திறந்தே வைக்கச் சொன்னது உண்டு என்றார். எத்தனை முறை என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு கணக்கு வச்சா" என்றவர், சற்றுப் பொறுத்து, "அந்தப் பையன் எந்த ஊருன்னு சொன்ன?" என்று கேட்டார்.