புதுப்பிப்பு: தீவனப் புரதம், ஆய்வு முடிவு வந்துவிட்டது

தீவன விகிதத்தை மாற்றாமலே முட்டையின் எடை குறைகிறது என்று ஆத்தூர்ப் பக்கத்து எங்கள் பண்ணையைப் பற்றி எழுதியிருந்தேன். மூலப்பொருளைச் சோதிக்கச் சொன்னீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்தோம்.

மக்காச்சோளத்தில் குறையில்லை. 46 சதவீதம் புரதம் என்று விற்ற சோயா புண்ணாக்கில் 42தான் இருக்கிறது. தோல் கூடுதலாகச் சேர்ந்தாலே இப்படி இறங்கிவிடும். நூறு கிலோ தீவனத்தில் இருபது கிலோ புண்ணாக்கு போடுகிறோம். அப்படியானால் தீவனப் புரதத்தில் 0.8 சதவீதம் போயிற்று. முட்டைக்கோழிக்கு இது பெரிய இழப்பு.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது கருவாட்டுத்தூள். ஆய்வு முடிவுத் தாளில் புரதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், அடியில் விரல் கனத்துக்கு மணல் படிகிறது. இவ்வளவு மணலோடு அந்தப் புரதம் எங்கிருந்து வந்தது? ஆய்வில் அளப்பது நைட்ரஜனை; அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். யூரியா உரம் கலந்திருப்பார்களோ என்று சந்தேகம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிலோ யூரியா, தாளில் ஏறத்தாழ 2.9 கிலோ புரதமாகத் தெரியும். கோழிக்கு ஒரு பயனும் இல்லை. யூரியாவுக்குத் தனிச் சோதனை கேட்டிருக்கிறேன். அந்த மூட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பியை, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை, தீவனத்தில் சேர்க்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: அதில் புரதம் மிகவும் குறைவு, மாவுச்சத்துக்கு மட்டும்தான் உதவும்.

மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையில் அள்ளாதீர்கள். பல மூட்டைகளில், மேலேயும் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். யூரியா முடிவு வந்ததும் எழுதுகிறேன்.