புதுச் செயின் போட்ட பிறகுதான் பல் தாண்டுது, எந்தக் கம்பெனி செயின் வாங்கலாம்?

குரோம்பேட்டை சவாரி:
வணக்கம். என்னோடது 7 கியர் ஹைப்ரிட் சைக்கிள், முன்னாடி 3 பல்சக்கரம். கிண்டி ஆபீசுக்குப் போக வர தினம் 20 கிலோமீட்டருக்கு மேல வரும். ரெண்டரை வருஷமா ஒரே செயின். சத்தம் வந்துதே தவிர ஒரு நாளும் நழுவினதில்லை. போன வாரம் கடையில புதுச் செயின் மாத்தினேன். அன்னையிலிருந்து மேம்பாலம் ஏறும்போது அழுத்தி மிதிச்சா 'டக்'னு தாண்டுது. நேத்து முட்டி ஹேண்டில்பார்ல இடிச்சு வீங்கியிருக்கு. கடைக்காரர், "9 கியர் செயின் போட்டுடலாம், விலை கூட, ஆனா உழைக்கும்"ங்கிறார். நம்பி வாங்கலாமா?

ஓட்டை ஸ்பேனர்:
கம்பெனிப் பேச்சு அப்புறம். முதல்ல இதைச் சொல்லுங்க. எல்லாக் கியர்லயும் தாண்டுதா, சிலதுல மட்டுமா? தாண்டும்போது செயின் பக்கத்துப் பல்சக்கரத்துக்குப் போகுதா, இல்ல அதே சக்கரத்துலயே வழுக்குதா? பழைய செயினைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?

டபுள்பெல்:
கேபிள் தளர்ந்திருக்கும் பாஸ். பின்னாடி டீரெய்லர்ல, அதான் செயினைக் கியருக்குக் கியர் தள்ளற கருவியில, கேபிள் நுழையற இடத்துல சின்னத் திருகு இருக்கும், இடதுபக்கம் அரைச் சுற்று திருப்புங்க. எனக்கு அதுலயே சரியாச்சு.

குரோம்பேட்டை சவாரி:
டபுள்பெல் சொன்னபடி திருப்பினேன், முன்னாடி சத்தமில்லாம இருந்த கியரும் இப்போ கரகரங்குது! ஸ்பேனர் அண்ணே, சின்னதுலேர்ந்து எண்ணினா 3, 4 ரெண்டுல மட்டும்தான் தாண்டுது. நான் எப்பவும் ஓட்டறது அந்த ரெண்டுதான். பெரிய சக்கரங்கள்ல ஒண்ணும் இல்லை. அதே பல்லுலதான் வழுக்குது. பழைய செயின் பையில சுத்தி வெச்சிருக்கேன்.

ஓட்டை ஸ்பேனர்:
திருகைப் பழையபடி வெச்சுடுங்க. கேபிள் கோளாறுன்னா ஸ்டாண்டு போட்டுக் கையால சுத்தும்போதே செயின் பக்கத்துச் சக்கரத்துக்கு எட்டிப் பாக்கும். ஒரு கண்ணி மட்டும் இறுகியிருந்தா எந்தக் கியர்ல ஓட்டினாலும் ஒரே இடைவெளியில துள்ளும். ஃப்ரீவீல், அதான் பின்சக்கரப் பல் செட், அதுக்கு உள்ள இருக்கற நாய் (மிதிச்சாச் சக்கரத்தைப் பிடிச்சுச் சுத்தற சின்னக் கொக்கி) பிடிக்கலைன்னா எல்லாக் கியர்லயும் பெடல் வெறுமனே சுத்தும். உங்களுக்கு இது மூணும் இல்லை. அதிகம் ஓட்டின ரெண்டு சக்கரத்தோட பல்லு தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

பழைய செயினை நீட்டி வெச்சு ஸ்கேல்ல அளங்க. ஒரு பின்னோட (கண்ணிகளைக் கோக்கற சின்ன ஆணி) நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கற பின்னோட நடு வரைக்கும். புதுசா இருந்தா சரியா 12 இஞ்ச், அதாவது 304.8 மி.மீ. ஒண்ணரை மில்லிமீட்டர் கூடினா செயின் மாத்தற நேரம். 308-ஐ எட்டிட்டா அது ஃப்ரீவீல் பல்லையும் தன் நீளத்துக்குத் தேய்ச்சிருக்கும். ரெண்டும் சேர்ந்தே தேஞ்சதால பழைய ஜோடிக்குள்ள சண்டை வரலை. புதுச் செயினோட கண்ணி சரியான அளவுல இருக்கறதால தேஞ்ச பல்லுல உக்கார மாட்டேங்குது. உங்க புதுச் செயின் மேல குத்தம் இல்லை.

குரோம்பேட்டை சவாரி:
அளந்தேன். கிட்டத்தட்ட 309 வருது. 😐 அப்போ 9 கியர் செயின்?

ஓட்டை ஸ்பேனர்:
வேண்டாம். அது ஒல்லிச் செயின். உங்க சக்கரத்துக்குத் தோதில்லாததை விலை கூடக் கொடுத்து வாங்கி என்ன பண்றது, முன்பக்கம் ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல சிக்கினாலும் சிக்கும். 7, 8 கியருக்கு ஒரே செயின்தான், பின்னோட மொத்த அகலம் 7 மி.மீ சொச்சம் இருக்கும். இப்போ போட்டிருக்கறது அந்த அளவுன்னா அதையே வெச்சுக்கோங்க, ஒரு வாரத்துல ஒண்ணும் ஆகியிருக்காது.

வாங்க வேண்டியது பின்சக்கரப் பல் செட். அதுலயும் ஃப்ரீவீலா (நாயும் பல்லும் ஒண்ணா, மரையில திருகற செட்) கேசட்டா (நாய் சக்கர நடுவுல இருக்கும், பல் மட்டும் தனியாச் சொருகற செட்)ன்னு பாத்துட்டுக் கடைக்குப் போங்க. சக்கரத்தைக் கழட்டி, பல் செட்டைப் பின்பக்கமா சுத்துங்க. நடுவுல டூல் நுழையற பள்ளமும் கூடவே சுத்தினா கேசட், அது அசையாம நின்னா ஃப்ரீவீல். 7 கியர்ல பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும். ஷிமானோ கம்பெனியில எம்எஃப்-டிஇசட்500 மாடல் போதும். பின்பக்கம் எண் அடிச்சிருக்கான்னு பாருங்க, டப்பாவை நம்பாதீங்க. பெரிய சக்கரத்துல இப்போ எத்தனை பல்லு இருக்குன்னு எண்ணி, 28 இருந்தா 28-ஏ வாங்குங்க. மலை ஏறலாமேன்னு 34 வாங்கினா உங்க டீரெய்லர் எட்டாமப் போகலாம், செயின் நீளமும் பத்தாது.

28 இஞ்ச் பெரியவர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கியர் இல்லாத பழைய சைக்கிள், பின்னால் ஒரே பல்சக்கரம். சில நாள் காலையில் மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, பத்து சுற்று கழித்துத்தான் பிடிக்கிறது. புது ஃப்ரீவீல் வாங்க வேண்டுமா?

ஓட்டை ஸ்பேனர்:
ஐயா, அது நாய் ஒட்டிக்கிட்டிருக்கு. வண்டியைப் படுக்க வெச்சு, ஃப்ரீவீல் இடுக்குல கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு நல்லாச் சுத்துங்க, அழுக்கு வழிஞ்சதும் மெல்லிசா ஆயில் விடுங்க. கிரீஸ் மட்டும் வெச்சுடாதீங்க, அதுதான் ஒட்ட வைக்கும். அப்பவும் பிடிக்கலைன்னா மாத்திடுங்க, நடுரோட்டுல விழாம இருக்கணும். செயினும் வாங்கறதா இருந்தா, உங்க வண்டிக்கு எட்டுல ஒரு பங்கு (1/8) இஞ்ச் அகலச் செயின்னு கேளுங்க, கியர் செயின் உக்காராது.

குரோம்பேட்டை சவாரி:
நாலு நாள் ஓட்டிட்டு எழுதறேன். ஃப்ரீவீல்தான், 28 பல்லு. பழசு லேசுல கழலலை. ரெண்டரை வருஷம் மிதிச்ச மிதி அத்தனையும் அதை முறுக்கியே வெச்சிருந்திருக்கு. கடைப் பையன் டூலைப் போட்டு ஸ்பேனர்ல இரும்புக் குழாய் சொருகி ரெண்டு பேராத் தொங்கினாங்க. புதுசுக்கு மரையில கிரீஸ் தடவச் சொன்னேன். மேம்பாலத்துல எழுந்து நின்னு மிதிச்சேன், ஒரு தடவைகூடத் தாண்டலை. பழசைக் கையில வாங்கிப் பாத்தா அந்த 3, 4-ல பல்லெல்லாம் அரிவாள் மூக்கு மாதிரி ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு. கடைக்காரர் அதைக் கேட்டு வாங்கி வாசல்ல ஆணியில மாட்டிட்டார்.

டபுள்பெல்:
அந்தத் திருகைப் பழையபடி திருப்பினீங்களா?

குரோம்பேட்டை சவாரி:
அன்னிக்கே.