கவரேஜ் ஆய்வை வேறு மேப் மென்பொருளுக்குக் கொடுப்பது: படமா, எண்ணா?

வரைபடப்பித்தன்:
கோபுரத்தின் சிக்னல் எங்கெங்கே எட்டும் என்ற கவரேஜ் ஆய்வை ரேடியோ மொபைல் போன்ற கணிப்பு மென்பொருளில் முடித்துவிட்டு, கூகுள் எர்த்தில் திறக்கும் ஒரு கேஎம்இசட் கோப்பை அனுப்பி "வேலை முடிந்தது" என்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பிஎன்ஜி படம், அதன் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளைச் சொல்லும் சின்ன கேஎம்எல். அவ்வளவுதான். பச்சை என்றால் −85 டிபிஎம்மா (சிக்னல் வலுவின் அலகு; எண் கீழே போகப் போக வலு குறைவு), −95ஆ என்று க்யூஜிஐஎஸ் மேப் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஜியோடிஃபாக, அதாவது இட விவரம் பொதிந்த கட்டக் கோப்பாகக் கொடுங்கள். பிக்சலுக்குப் பிக்சல் எண் இருக்கும். வாங்குபவர் தன் ரிசீவருக்கு ஏற்ற வரம்பை அவரே வைத்துக்கொள்வார்.

கோபுரக்காரன்:
எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். அவர் ஒரு வீட்டுக் கூரை வரைக்கும் ஜூம் செய்வார், கிளிக் செய்வார், "இங்கே −97.3 என்று காட்டுகிறதே, கைக்கருவி (வாக்கி-டாக்கி) ஏன் பேசவில்லை?" என்று போன் செய்வார். மென்பொருள் கணக்கிடப் பயன்படுத்தும் லாங்லி-ரைஸ் மாடல் தருவது புள்ளியியல் மதிப்பு. நேரில் அளந்தால் 6 முதல் 10 டெசிபெல் வரை விலகுவது சாதாரணம். கீழே கிடக்கும் எஸ்ஆர்டிஎம் நிலவுயரத் தரவோ 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்தது, கட்டத்துக்குச் சுமார் 30 மீட்டர். இதில் தசமப் புள்ளி எதற்கு? நாலு நிறத்தில் ஒரு படம், கூடவே ஒரு விளக்கப்பட்டை. அதுதான் நேர்மை.

வரைபடப்பித்தன்:
நேர்மை என்கிறீர்கள், சரி. −94.9 பச்சை, −95.1 சிவப்பு. கத்தியால் வெட்டியது போல் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்ப்பவருக்கு உங்கள் 10 டெசிபெல் விலகல் எங்கே தெரிகிறது? என்னிடம் எண் இருந்தால் −95ஐச் சுற்றி ஒரு சந்தேகப் பட்டையே வரைந்து காட்டுவேன். தசமம் உறுத்துகிறதா, முழு எண்ணாக்கிக் கொடுங்கள், கோப்பும் சிறுக்கும்.

இன்னொன்று. படம் மீட்டரில் அளக்கும் யூடிஎம் கட்டத்தில் வரைந்ததாக இருந்து, அதை அப்படியே கேஎம்எல்லின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பெட்டிக்குள் இழுத்து ஒட்டினால், நடுவில் கோபுரம் கச்சிதமாக உட்காரும், மூலைகள் நகர்ந்துவிடும். மலைக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் விழ வேண்டிய நிழல் பக்கத்து முகட்டின் மேல் கிடக்கும். எல்லோரும் கோபுரத்தைத்தான் சரிபார்க்கிறார்கள், ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை.

அலைநீளம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எண்ணிலும் குழி உண்டு. தரவு இல்லாத இடத்துக்கு −9999 என்ற அடையாள எண்ணைப் போடாமல் 0 போட்டு ஏற்றுமதி செய்த ஜியோடிஃப் ஒன்று எனக்கு வந்தது. 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட், ஆன்டெனாவை ஒட்டி நின்றால்தான் கிடைக்கும். திறந்ததும் ஆய்வு வட்டத்துக்கு வெளியே உலகமே அருமையான கவரேஜ்!

அலகும் அப்படித்தான். ஐசோட்ரோபிக் (எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வாங்கும்) ஆன்டெனா என்று கொண்டால், 150 மெகாஹெர்ட்ஸில் −100 டிபிஎம் என்பது மின்புல வலுவில் மீட்டருக்குச் சுமார் 21 டிபி மைக்ரோவோல்ட். 450இல் அதே −100 சுமார் 30 ஆகிவிடும். அலைவரிசையும் ரிசீவர் ஆன்டெனா உயரமும் கோப்போடு போகாவிட்டால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

கோபுரக்காரன்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! படத்தில் இந்தக் கூத்து எதுவும் கிடையாது. எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே படம். வேண்டுமென்றால் −95 எல்லையை மட்டும் பலகோணமாக்கி ஷேப்ஃபைலில் (கோடு, வடிவங்களைச் சேமிக்கும் மேப் கோப்பு) தருகிறேன்.

அலைநீளம்:
மலைப்பாங்கான இடத்தில் அப்படிப் பலகோணமாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கில் துணுக்குகள் வரும். கோட்டை எளிமையாக்கினால் முதலில் காணாமல் போவது சிக்னல் இல்லாத சின்னச் சின்ன ஓட்டைகள். ஆய்வே அந்த ஓட்டைகளைக் கண்டுபிடிக்கத்தானே! அப்புறம் ஷேப்ஃபைலில் புலப்பெயர் (தரவு அட்டவணையின் நெடுவரிசைப் பெயர்) 10 எழுத்தோடு வெட்டுப்படும். 'சிக்னல்_டாக்அவுட்', 'சிக்னல்_டாக்இன்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் 10 எழுத்து ஒன்றே. கோபுரத்திலிருந்து கைக்கருவிக்குப் போவது எது, திரும்பி வருவது எது? திறப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

வரைபடப்பித்தன்:
கோபுரக்காரரே, ஒரே ஒரு கேள்வி. மூன்று கோபுரம், மூன்று படம். ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் நிறங்கள் கலந்து, விளக்கப்பட்டையிலேயே இல்லாத பழுப்பு ஒன்று வரும். ஒவ்வோர் இடத்திலும் எந்தக் கோபுரம் வலுவானது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எண் இருந்தால், பிக்சல் எண்களை வைத்துக் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரு வரி.

கோபுரக்காரன்:
பல கோபுரம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், எண் வேண்டும். ஒற்றைக் கோபுரத்துக்குப் படம் போதும் என்பதில் மாற்றமில்லை. எண்ணே கொடுத்தாலும் −110க்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். எந்தக் கைக்கருவிக்கும் பயன்படாத சிக்னலை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?

அலைநீளம்:
அதே அலைவரிசையை அடுத்த மாவட்டத்தில் மறுபடி பயன்படுத்தப் போகிறவருக்கு வேண்டும். உங்களுக்குப் பயனில்லாத அந்த −115தான் அவருக்குக் குறுக்கீடு. வெட்டாமல் அனுப்புங்கள்.