ஒரு நகரம், நான்கு கலங்கரை விளக்கங்கள்: நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

நானே தொடங்கிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது. நிலத் தகராறு ஒன்றுக்காக அப்பா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று தெரியாமல் வளாகத்தில் ஒரு பெரிய கல்தூணின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அதைக் கோயில் தூண் என்றும் சொல்ல முடியாது, கொடிமரம் என்றும் சொல்ல முடியாது. தன்னந்தனியாக நின்றது. "இது என்னப்பா?" என்றேன். பக்கத்திலிருந்த வக்கீல் குமாஸ்தா, "லைட் ஹவுஸ், தம்பி" என்றார். அங்கிருந்து கடல் தெரியவே இல்லை. அவர் என்னிடம் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது உண்மை. அது சென்னையின் இரண்டாவது கலங்கரை விளக்கம். கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்த, டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண். 1844 ஜனவரி 1 அன்று அதில் விளக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பு, 1796 முதல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகள் எரிந்தன.

அந்த நாளில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஆணி இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி அடித்த படகோ பிளந்துவிடும். அப்படிப்பட்ட கரையை இருட்டில் தேடி வந்த மாலுமிக்கு அந்த எண்ணெய் வெளிச்சம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரைவதால் கலங்கரை விளக்கம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் அதற்குக் கிடைக்காது.

1892-இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. தூணைவிட உயரமான குவிமாடம் பக்கத்திலேயே வந்துவிட்டதால், 1894-இல் விளக்கு அதன் உச்சிக்குப் போய்விட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியபோதும் நகரத்தின் கலங்கரை விளக்கம் அதுதான். நான்காவது, மெரினாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற சிவப்பு வெள்ளை முக்கோணக் கோபுரம். 1977-இல் அது வந்தது.

புதியது வந்ததும் பழையதை இடிக்கிற ஊரில், இந்த நான்கு இடங்களும் இன்னும் நிற்கின்றன. போன வருடம் ஒரு வேலையாக மறுபடியும் அந்த வளாகத்துக்குப் போனேன். தூணின் மேல் கை வைத்துப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கே கல் சுட்டது. வழக்குக் கட்டுகளோடு நூறு பேர் கடந்துபோனார்கள், ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சின்னப் பலகையாவது எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறேன்.

*

ஐயா, நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களோடு மாமல்லபுரம் போயிருந்தேன். அங்கே மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் கூரை மேல்தான் விளக்கு வைத்திருந்தார்கள். பிறகுதான் பக்கத்தில் வட்டமான கல் கோபுரம் வந்தது. கோபுரத்தில் ஏறிக் கீழே பார்த்தால் சிகரம் இல்லாத அந்தக் கோயிலின் தலை தெரிகிறது. "கோயில் மேலே ஏன் டீச்சர் விளக்கு வைத்தார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லாமல் அவளைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தினேன். "ஓ, இங்கேயிருந்துதான் எல்லாம் தெரியுது" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்று. 1927-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த புதிய சட்டத்தில், பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களை அடையாளம் கண்டு மேம்படுத்த வழி செய்திருக்கிறார்கள். உங்கள் தூணுக்காகவும் யாராவது முறையாக எழுதிக் கேட்க வேண்டும்.

*

வணக்கம். என் அப்பா கலங்கரை விளக்கப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபுரத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கண்ணாடிதான். ஆள் உயரத்துக்கு, அடுக்கடுக்காகப் பட்டகங்கள் வைத்த லென்ஸ். உள்ளே எரிகிற விளக்கு என் கைக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்ன வெளிச்சத்தைச் சிதறவிடாமல் சேர்த்துக் கடலுக்கு அனுப்புவது லென்ஸ்தான். அது பாதரசத் தொட்டியில் மிதந்தபடி சுழலும். அவ்வளவு எடையையும் நான் ஒற்றை விரலால் தள்ளியிருக்கிறேன்.

விடிந்ததும் அப்பா செய்கிற முதல் வேலை, கண்ணாடி அறையைச் சுற்றித் திரை இழுத்து விடுவது. மறந்தால் போதும், வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே எதையாவது பொசுக்கிவிடும். அதற்குப் பிறகுதான் துணியை எடுப்பார். ஒவ்வொரு பட்டகமாக, மேலிருந்து கீழாகத் துடைப்பார். விரல் படாமல் துடைக்க எனக்கும் கற்றுக்கொடுத்தார். பிற்பாடு எல்.இ.டி. வந்தது, லென்ஸைக் கழற்றி இறக்கினார்கள். அது உடையாமல் கீழே வரும்வரை அப்பா வெயிலிலேயே நின்றிருந்தார்.

*

அம்மா, உங்கள் பதிவை என் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கட்டடம் நின்றாலும் அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தயவுசெய்து உங்கள் அப்பாவிடம் சிலவற்றைக் கேட்டு இங்கே எழுதுங்கள். மின்சாரம் வருவதற்கு முன்பு மெல்லக் கீழே இறங்கி லென்ஸைச் சுழற்றும் எடைக்கல்லைக் கையால் சுற்றி மேலே ஏற்றுவார்களாமே, அப்படிச் செய்த பெரியவர்கள் யாரையாவது அவருக்குத் தெரியுமா? ஒரு இரவில் எத்தனை முறை ஏற்ற வேண்டியிருந்ததாம்? புயல் இரவுகளில் மேலே அவரோடு யார் இருந்தார்கள்? துடைக்க எந்தத் துணி?